கடன்பட்டவர்களின் பட்டியலில் காணாமல்போன பாடகர்

பெர்ட் ஜான்ஷைப் பற்றி யார் பேசத் தொடங்கினாலும் இரண்டாவது வாக்கியத்திலேயே லெட் ஜெப்லின் ராக் குழுவின் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜின் பெயர் வந்துவிடுகிறது. அதைத் தொடர்ந்து பாடகர் நீல் யங், பிறகு கிட்டார் கலைஞர்கள் ஜானி மார், பெர்னார்ட் பட்லர். ஸ்காட்லாந்தில் பிறந்து, நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடியும் எழுதியும், இருபதுக்கும் மேற்பட்ட தனி இசைத்தொகுப்புகளை வெளியிட்ட ஒரு கிட்டார் கலைஞரின் வாழ்க்கை, அவரிடமிருந்து யார் யார் எதை எடுத்துக்கொண்டார்கள் என்ற கணக்காகச் சுருங்கிவிட்டது. கிட்டார் வாசிக்கும் நண்பர் ஒருவர் அண்மையில் ஒரு மாலையில் இரண்டு ஒலிப்பதிவுகளை அடுத்தடுத்து ஒலிக்கவிட்டு, “இது பகல்கொள்ளை அல்லாமல் வேறு என்ன, நீங்களே சொல்லுங்கள்” என்றார். நான் அப்போது மறுத்து எதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வி, அதற்குத் தரப்படும் வழக்கமான விடையோடு சேர்ந்து, இன்றுவரை என்னுள் சரியாக அடங்கவில்லை.

அந்த இரண்டு ஒலிப்பதிவுகளும் பலரும் அறிந்தவைதான். முதலாவது, 1966இல் வெளிவந்த ‘ஜாக் ஓரியன்’ என்ற தொகுப்பில் ஜான்ஷ் பாடிய ‘பிளாக்வாட்டர்சைட்’. இரண்டாவது, 1969 ஜனவரியில் வெளிவந்த லெட் ஜெப்லினின் முதல் தொகுப்பில் உள்ள ‘பிளாக் மவுண்டன் சைட்’ என்ற, இரண்டு நிமிடங்களைச் சற்றே தாண்டும் வாத்திய இசை. இரண்டாவதில் குரல் இல்லை. விராம் ஜசானியின் தபலா இருக்கிறது. நம் காதுகள் முதலில் தபலாவைத்தான் பிடித்துக்கொள்கின்றன. அதனாலேயே அது வேறு ஏதோ கீழைநாட்டு முயற்சி என்று ஒரு கணம் தோன்றுகிறது. தபலாவை மனத்தால் விலக்கிவிட்டுக் கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்தால், ஜான்ஷ் தம் குரலுக்குப் பக்கத்தில் வாசித்த அதே சுழல், அதே இறக்கம், அதே இடத்தில் தந்தியை விரல் சுண்டிவிடும் அதே சொடுக்கு. இசையமைத்தவர் என்ற இடத்தில் ஜிம்மி பேஜின் பெயர் மட்டுமே அச்சிடப்பட்டிருந்தது.

ஜான்ஷின் ஒலிப்பதிவு நிறுவனமான டிரான்ஸ்அட்லாண்டிக் சட்ட ஆலோசனை கேட்டது. இசையறிஞர்களிடமும் கருத்துக் கேட்டது. பேஜ் அந்த வாசிப்பை ஜான்ஷிடமிருந்தோ அவருடைய ஒலித்தட்டிலிருந்தோ கேட்டிருப்பார் என்பதை நிறுவுவதற்கு வாய்ப்பு இருந்தது. ஆனால் மெட்டு மரபுவழி வந்தது. எனவே எந்தப் பகுதி ஜான்ஷின் தனியுரிமை என்று காட்டுவது கடினமாக இருந்தது. எதிரே இருந்ததோ உலகின் மிகப் பெரிய ராக் குழு. தோற்றால் செலவு நிறுவனத்தையே விழுங்கிவிடும். வழக்குத் தொடுக்கப்படவில்லை. நண்பரைப் போன்றவர்களின் கோபம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது, அது நியாயமான கோபமும்கூட. ஆயினும் அந்தக் கோபம் ஜான்ஷை ஒரு பாதிக்கப்பட்ட மனிதராக மட்டும் நிறுத்திவிட்டு, அவர் என்ன செய்தார் என்று கேட்காமலேயே எழுந்து போய்விடுகிறது.

இரவலில் எடுத்த முதல் தொகுப்பு

ஜான்ஷ் 1943 நவம்பர் 3 அன்று கிளாஸ்கோவில் பிறந்து, எடின்பரோவின் வடபகுதியில் உள்ள வெஸ்ட் பில்டன் என்ற தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்தார். பள்ளியை விட்டதும் நாற்றுப்பண்ணையில் வேலை. பதினாறு வயதில் அந்த வேலையையும் விட்டுவிட்டு, எடின்பரோவின் ஹை ஸ்ட்ரீட்டில் இருந்த ‘ஹௌஃப்’ என்ற நாட்டார் இசைக் கழகத்திலேயே கிடந்தார். அங்கே ஆங்கிலக் கிட்டார் கலைஞர் டேவி கிரகாமின் ஒருவழிச் சகோதரியான (பெற்றோரில் ஒருவர் மட்டுமே பொது) ஜில் டாயிலிடமும், பிறகு ஆர்ச்சி ஃபிஷரிடமும் கிட்டார் கற்றார். அவர்கள் சொல்லிக்கொடுக்க இருந்ததை வெகு விரைவிலேயே கற்று முடித்துவிட்டார். அமெரிக்க ப்ளூஸ் கலைஞர் பிரௌனி மெகீ அந்தக் கழகத்துக்கு வந்தபோது அவருடைய விரல்களை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பும் கிடைத்தது. அக்கால எடின்பரோவில் நாட்டார் இசை என்றால் ஒருபுறம் ஸ்காட்டியக் கதைப்பாடல்களின் மாபெரும் மரபு. 1951இல் தொடங்கப்பட்ட ஸ்காட்டிய ஆய்வுப் பள்ளியும் ஹாமிஷ் ஹெண்டர்சன் போன்ற சேகரிப்பாளர்களும் அதைத் திரட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னொருபுறம் அட்லாண்டிக்கைக் கடந்து ஒலித்தட்டுகளாக வந்துசேர்ந்த ப்ளூஸ். இளைஞர்கள் பெரும்பாலும் ஏதேனும் ஒரு பக்கத்தில் நின்றார்கள். ஜான்ஷ் ப்ளூஸ் பக்கமாக, பிக் பில் புரூன்சியின் பாடல்களோடு தொடங்கினார். கதைப்பாடல்கள் அவரிடம் வந்து சேர இன்னும் சில ஆண்டுகள் ஆயின.

அவரிடம் இருந்த கிட்டார் திருடுபோனது. அதன் பிறகு நெடுநாள் அவர் சொந்தமாகக் கிட்டார் வைத்திருக்கவில்லை. கிடைத்த வீட்டில் தங்கி, கிடைத்த கிட்டாரை வாசித்து, ஐரோப்பாவில் வழிப்போக்கராகத் திரிந்து, மொராக்கோ வரை போய், நோயோடு திருப்பி அனுப்பப்பட்டு, லண்டன் வந்து சேர்ந்தார். 1964, 1965ஆம் ஆண்டுகளின் குளிர்காலத்தையொட்டி, பில் லீடர் என்ற ஒலிப்பதிவாளர் லண்டன் கேம்டனில் இருந்த தம் வீட்டிலேயே ஒரு சுருள் நாடாப் பதிவுக்கருவியை வைத்து அவரைப் பதிவுசெய்தார். அதற்கும் இரவல் கிட்டார்தான். அந்த நாடாவை லீடர் டிரான்ஸ்அட்லாண்டிக் நிறுவனத்துக்கு 100 பவுண்டுக்கு விற்றார்; ராயல்டி கிடையாது. 1965 ஏப்ரலில் ‘பெர்ட் ஜான்ஷ்’ என்ற எளிய பெயரோடு வெளிவந்த அந்தத் தொகுப்பு பின்னாளில் ஒன்றரை லட்சம் பிரதிகள் விற்றதாகச் சொல்லப்படுகிறது. கொள்ளைக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான முதல் அத்தியாயம் கிடைக்காது.

ஆனால் அந்தத் தொகுப்பையே கொஞ்சம் உற்றுக் கேட்டால் கதை குழம்பத் தொடங்குகிறது. அதில் உள்ள ‘ஸ்மோக்கி ரிவர்’ ஜாஸ் கலைஞர் ஜிம்மி ஜூஃப்ரியின் ஓர் இசைக்கோலத்திலிருந்து கிளைத்தது. ‘ஆஞ்ஜி’ டேவி கிரகாம் அமைத்தது; எடின்பரோவில் கைமாறிக்கொண்டிருந்த ஓர் ஒலிநாடாவிலிருந்து ஜான்ஷ் அதைக் கற்றுக்கொண்டார். கற்றதை அப்படியே வாசிக்கவும் இல்லை. நடுவில் நாட் ஆடர்லியின் ‘ஒர்க் சாங்’ என்ற ஜாஸ் மெட்டை நுழைத்து, வேகத்தை முறுக்கி, அதைத் தம்முடையதுபோலவே ஆக்கிவிட்டார். இங்கிலாந்தில் சில காலம் தங்கியிருந்த அமெரிக்கப் பாடகர் பால் சைமன் அந்த இசையைக் கற்றுக்கொண்டு போய், 1966இல் தம் ‘சைமன் அண்ட் கார்ஃபங்கல்’ குழுவின் ‘சவுண்ட்ஸ் ஆஃப் சைலன்ஸ்’ தொகுப்பில் சேர்த்தார். அதன் தொடக்ககால அச்சுகளில் இசையமைத்தவர் என்று ஜான்ஷின் பெயரே தவறுதலாக இடம்பெற்றது. டேவி கிரகாமின் சொத்து ஓர் அமெரிக்க ஒலித்தட்டின் உறையில் சிறிது காலம் ஜான்ஷின் பெயரில் இருந்தது என்பதைக் கொள்ளைக் கதை சொல்பவர்கள் ஏனோ சொல்வதே இல்லை.

அதே தொகுப்பில், ஹெராயினுக்குப் பலியான நண்பரை நினைத்து எழுதிய ‘நீடில் ஆஃப் டெத்’ என்ற பாடலும் உண்டு. 1965இல் போதையைப் பற்றி அறிவுரையோ கவர்ச்சியோ இன்றி, இழவு வீட்டுக்குப் போய்வந்தவரின் அடங்கிய குரலில் பாடுவது மிக அரிதான செயல். இருபத்தொரு வயது இளைஞருக்கு இந்த அடக்கம் எங்கிருந்து வந்தது என்று நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

ஆன் பிரிக்ஸ் கொண்டுவந்த பாட்டு

ஜான்ஷின் வாழ்க்கையில் எல்லாம் திரும்பிய இடம் எது என்று என்னைக் கேட்டால், அந்த 100 பவுண்டையும் லெட் ஜெப்லினையும் விட்டுவிட்டு, 1965ஆம் ஆண்டையொட்டி ஆன் பிரிக்ஸோடு அவர் உட்கார்ந்து பாடல்களை உருவாக்கிய நாட்களையே சொல்வேன். நாட்டிங்ஹாம்ஷயரில் பிறந்த பிரிக்ஸ், ஜான்ஷைவிட ஓராண்டு இளையவர். எடின்பரோ நாட்களிலிருந்தே தோழி. பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல், நீண்ட மெட்டை ஒரே மூச்சில் இழுத்து, வேண்டிய இடத்தில் நிறுத்தி, தாளத்துக்கு எந்த வாக்குறுதியும் கொடுக்காமல் பாடுவார். அவர் பாடிக்கொண்டிருந்த ‘பிளாக்வாட்டர்சைட்’ ஏ. எல். லாயிட் என்ற பாடல் சேகரிப்பாளரிடமிருந்து கற்றது. லாயிடுக்கு அது, 1950களின் தொடக்கத்தில் பிபிசிக்காகப் பதிவுசெய்யப்பட்ட மேரி டோரன் என்ற ஐரிஷ் நாடோடிச் சமூகப் பெண்ணின் குரலிலிருந்து வந்தது. டோரனுக்கு யாரிடமிருந்து வந்ததோ, அவருக்கு யாரிடமிருந்தோ. ஆற்றங்கரையில் ஒரு பெண்ணை நம்பவைத்து, விடிந்ததும் எள்ளி நகைத்துவிட்டுப் போகும் ஓர் இளைஞனைப் பற்றிய, ஐரிஷ் மரபில் பல வடிவங்களில் உலவும் பாட்டு அது.

அக்காலத்தில் இத்தகைய பழைய பாடல்களுக்குக் கிட்டார் சேர்ப்பது என்றால், மூன்று ‘கார்டு’களை, அதாவது ஒருசேர ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளை, மாற்றி மாற்றி மீட்டுவதுதான் பெரும்பாலும் வழக்கம். அப்படிச் செய்தால் பாட்டு உடனே ஒரு சட்டத்துக்குள் அடைபட்டுவிடும். பிரிக்ஸ் போன்றவர் பாடும்போது மெட்டு மூச்சுவிடும் இடங்களெல்லாம் எண்ணிக்கைக்குள் அகப்பட்டு நசுங்கிவிடும். ஜான்ஷ் எதிர்கொண்ட சிக்கல் இதுதான்: தாளச் சிறைக்குள் அடங்காத ஒரு குரலுக்குப் பக்கத்தில், அதன் சுதந்திரத்தைக் கெடுக்காமல், வெறுமனே பின்னால் நிற்கவும் செய்யாமல், கிட்டார் என்ன செய்ய முடியும்?

அவர் கண்ட விடை கேட்பதற்கு எளிது. ஆறாவது தந்தியை ஒரு முழு ஸ்வரம் கீழே இறக்கி, அதைக் கட்டைவிரலால் ஏறக்குறைய ஆதார சுருதிபோல ஒலிக்கவிட்டார். மேல் தந்திகளில் மற்ற விரல்கள் ஒரு சிறிய சுழலை வாசிக்கின்றன. அது பாடும் மெட்டின் நகல் அல்ல, அதற்கு வேறொரு பக்கத்திலிருந்து வரும் மறுமொழி. குரல் ஒரு சொல்லில் தங்கினால் கிட்டார் அந்தச் சுழலை இன்னும் ஒரு பாதி சுற்றிவிட்டுக் காத்திருக்கிறது. குரல் முந்தினால் சுழலைக் குறைத்துக்கொண்டு ஓடிவருகிறது. இதனால் அவருடைய பாடல்களில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் மாத்திரைக் கணக்கு ஒத்துவராது. அவருடைய வாசிப்பை ஸ்வரம் ஸ்வரமாக எழுதியெடுத்து வைத்துக்கொண்டு பாட முயல்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். எழுத்தில் உள்ளதை விரல்கள் வாசித்துவிடும். குரல் வந்ததும் இரண்டும் முட்டிக்கொள்ளும். வாய்ப்பாட்டுக்கு வயலின் வாசிப்பவர் பாடகரின் நிரவலைத் தொடர்வதற்கும் இதற்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இங்கே இருவரும் ஒருவரே.

இந்த முறை அதற்குப் பிறகு வந்த எல்லாவற்றையும் தீர்மானித்தது. ‘ஜாக் ஓரியன்’ தொகுப்பின் எட்டுப் பாடல்களில், ஈவன் மெக்கால் இயற்றிய ஒன்று நீங்கலாக, மற்றவை யாவும் மரபுவழி வந்தவை. தம் சொந்தப் பாடல்களால் லண்டன் சோஹோவின் ‘லே கசின்ஸ்’ கழகத்தில் நாயகனாகியிருந்த இளைஞர், அடுத்தடுத்து அத்தகைய பாடல்களையே எழுதிக் குவித்திருக்கலாம். அதை விடுத்து, யாருக்கும் சொந்தமில்லாத பாடல்களின் பக்கம் திரும்பி, ப்ளூஸ் கற்றுக்கொடுத்த கட்டைவிரலோடு அவற்றுக்குள் நுழைந்தார். இரண்டு பக்கங்களில் பிரிந்து கிடந்த எடின்பரோ, அவருடைய ஒரே கிட்டாருக்குள் ஒன்றாகியது என்று நான் நினைக்கிறேன். சொந்தப் பாடல், பழைய பாடல் என்ற வேறுபாடும் அத்துடன் அவருக்கு மங்கிவிட்டது. பிற்காலத்தில் அவர் எழுதியவற்றில் பல, முந்நூறு ஆண்டுகளாகப் பாடப்பட்டு வந்தவைபோல ஒலிப்பதற்கு இதுவே காரணம்.

ஒரு சுருதி மாறிய கதை

நண்பரின் கேள்விக்கு இப்போது திரும்பலாம். ஜான்ஷ் தம் வாசிப்பில் ஆறாவது தந்தியை மட்டுமே இறக்கினார். பேஜ் வாசித்தது டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்று ஆறு தந்திகளையும் கூட்டும், டேவி கிரகாம் பரப்பிய முறையில். ஒருவர் இன்னொருவரின் தட்டைக் கேட்டு நேரடியாக எடுத்திருந்தால் சுருதி ஏன் மாற வேண்டும்? இதற்கு இன்னொரு ஸ்காட்லாந்துக்காரரான அல் ஸ்டூவர்ட் சொன்ன விளக்கம் சுவையானது. கழகங்களில் ஜான்ஷை நெருக்கமாகக் கவனித்துக் கற்றுக்கொண்டவர் ஸ்டூவர்ட். ஆனால் சுருதியைத் தவறாக ஊகித்து, டேவி கிரகாமின் முறையில் வாசிக்கப் பழகினார். 1966இல் அவருடைய முதல் ஒலித்தட்டுக்கு வாடகைக் கலைஞராக வாசிக்க வந்தவர் ஜிம்மி பேஜ். அவருக்குத் தாமே இதைச் சொல்லிக்கொடுத்ததாக ஸ்டூவர்ட் கூறுகிறார். அவர் சொல்வது சரியென்றால், லெட் ஜெப்லின் தொகுப்பில் நாம் கேட்பது ஜான்ஷைப் பார்த்து ஒருவர் பிழையாகப் பிடித்துக்கொண்ட பாடாந்தரம்.

பேஜும் பின்னாளில் இதை முழுக்க மறைக்கவில்லை. 1977இல் வெளியான ஒரு நேர்காணலில், அது முற்றிலும் தம் கற்பனை அல்ல என்றும், நாட்டார் இசைக் கழகங்களில் பலரும் வாசித்துக்கொண்டிருந்தது என்றும், தாம் முதலில் கேட்டது ஆன் பிரிக்ஸிடம் என்றும், மரக்கிட்டார் வாசிப்புக்கு ஒரு தெளிவான வடிவம் கொடுத்தவர் ஜான்ஷே என்றும் சொன்னார். எட்டு ஆண்டுகள் கழித்து, ஒரு கிட்டார் இதழில். ஒலித்தட்டின் உறையில் ஒரு வரி சேர்ப்பதற்கு இதைவிடக் குறைவான மையே போதுமானதாக இருந்திருக்கும் என்பதே என் கருத்து. பேஜ் எடுத்துக்கொண்டதில் எனக்குக் குறை இல்லை. அந்த உலகமே எடுத்துக்கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த உலகம். எடுத்த இடத்தைச் சொல்லாமல் விட்டதுதான் குறை. அதே அளவுகோலை வைத்தால், மேரி டோரன் என்ற பெண்ணின் பெயர் எத்தனை ஒலித்தட்டு உறைகளில் இருக்கிறது என்ற கேள்வியும் எழும். அந்தக் கேள்விக்கு முன்னால் ஜான்ஷ் உட்பட எல்லோருமே சற்றுத் தலைகுனிய வேண்டியவர்கள்தாம்.

நீல் யங் விவகாரத்தில் இதே செயலுக்கு வேறொரு முடிவு கிடைத்தது. 1974இல் அவர் வெளியிட்ட ‘ஆம்புலன்ஸ் ப்ளூஸ்’ பாடலின் மெட்டு ‘நீடில் ஆஃப் டெத்’ பாடலின் சாயலில் அமைந்தது. தாம் அறியாமலேயே அதை எடுத்துவிட்டதாக யங் வெளிப்படையாகச் சொன்னார். மின்கிட்டாருக்கு ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் எப்படியோ மரக்கிட்டாருக்கு ஜான்ஷ் அப்படி என்றும் பேசினார். 2010இல் தம் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் ஜான்ஷைத் தம்முடன் மேடையேற்றினார். ஜான்ஷ் மறைந்த பின், 2014இல் ‘நீடில் ஆஃப் டெத்’ பாடலையே தம் தொகுப்பில் பாடினார்.

ஐந்து பேர், பின்னர் ஒருவர்

1967இல் ஜான்ஷ், ஜான் ரென்போர்ன், ஜாக்கி மெக்ஷீ, டேனி தாம்சன், டெர்ரி காக்ஸ் ஆகிய ஐவரும் சேர்ந்து தொடங்கிய பென்டாங்கிள் குழுவைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப்போவதில்லை. அது தனிக் கட்டுரைக்குரியது. 1969இல் வெளியான ‘பாஸ்கெட் ஆஃப் லைட்’ பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் ஐந்தாம் இடம் வரை ஏறியது. அதன் முதல் பாடல் பிபிசி வண்ணத்தில் ஒளிபரப்பிய முதல் நாடகத் தொடருக்கு முகப்பிசையானது. ஐந்தும் ஏழுமாக மாறி மாறி வரும் தாளத்தில் அமைந்த ஒரு பாட்டை நாடு முழுவதும் முணுமுணுத்தது என்பது இன்று நம்பக் கடினமான செய்தி. ஆனால் பயணமும் குடியும் நிறுவனத்தோடு ராயல்டிப் பிணக்கும் சேர்ந்து குழுவை அரித்தன. 1973இன் தொடக்கத்தில் ஜான்ஷ் விலகினார். வேல்ஸில் ஒரு பண்ணைக்குப் போய்விட்டார். இவற்றுக்கிடையே 1971இல் வெளிவந்த ‘ரோஸ்மேரி லேன்’ என்ற தனித்தொகுப்பை, அதே பில் லீடர், சசெக்ஸில் ஜான்ஷ் தங்கியிருந்த வீட்டுக்கே பதிவுக்கருவியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதிவுசெய்தார். பெரிய அரங்குகளை நிறைத்துக்கொண்டிருந்த ஒருவர், தம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து தனக்காக மட்டும் பாடுவதுபோல இருக்கும் அது.

அதன் பிறகான காலம் சீரற்றது. மைக்கேல் நெஸ்மித் தயாரித்த ‘எல்.ஏ. டர்ன்அரவுண்ட்’ (1974) அருமையானது. அதற்கு அடுத்த தொகுப்பில் வாத்தியங்கள் மிகுந்து அவருடைய விரல்கள் காணாமல்போயின. டேனி தாம்சன், மார்ட்டின் ஜென்கின்ஸ் இருவரோடும் சேர்ந்து உருவாக்கிய ‘ஏவோசெட்’ முழுக்க வாத்திய இசை. ஆறு துண்டுகளுக்கும் நீர்ப்பறவைகள், கரையோரப் பறவைகளின் பெயர்கள். 1980களின் தொடக்கத்தில் லண்டன் ஃபுல்ஹாம் பகுதியில் கையால் செய்த கிட்டார்களை விற்கும் கடை ஒன்றைத் தொடங்கினார். ஓரிரு ஆண்டுகளில் மூடினார். குடி மட்டும் குறையவில்லை. மேடையில் தடுமாறும் இரவுகள் பெருகின. 1987இல் கணையம் பழுதுபட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்; குடியை விட வேண்டும் அல்லது உயிரை விட வேண்டும் என்ற நிலை. குடியை விட்டார், மீண்டும் தொடவில்லை.

கொள்ளைக் கதையை நம்புகிறவர்கள் பெரும்பாலும் 1973ஓடு நிறுத்திக்கொள்வதால், இதற்குப் பிந்தைய ஜான்ஷைக் கேட்பதே இல்லை. 1990களின் நடுவில் அவர் லண்டன் டென்மார்க் தெருவிலிருந்த ‘12 பார்’ என்ற மிகச் சிறிய அரங்கில் வாரந்தோறும் வாசிக்கத் தொடங்கினார். ராயல் ஃபெஸ்டிவல் ஹாலை நிறைத்தவர், பெரிய வீட்டு முற்றத்தைவிடச் சிறிய இடத்தில், ஐம்பது வயதுக்குப் பிறகு, ஒரு கிட்டாரோடு மீண்டும் தொடங்கினார். 1995இல் ‘வென் த சர்கஸ் கம்ஸ் டு டவுன்’, 2000இல் மாரும் பட்லரும் உடன் வாசித்த ‘கிரிம்சன் மூன்’, 2006இல் ‘த பிளாக் ஸ்வான்’ என்று வந்த தொகுப்புகளில் குரல் தடித்து, சொற்கள் குறைந்திருக்கின்றன. கிட்டார் பழைய வேகத்தைக் காட்டுவதற்காக எதையும் வாசிப்பதில்லை. இளமையில் அவர் குரலுக்கும் கிட்டாருக்கும் இடையே நடத்திய உரையாடலில் கிட்டாருக்கே பேச்சு அதிகம். இத்தொகுப்புகளில் இரண்டும் ஒன்றையொன்று நன்றாக அறிந்த முதியவர்களாகப் பேசிக்கொள்கின்றன. என் காதுக்கு இந்தக் காலமே மேலானது. அறுபதுகளின் தட்டுகளைக் கொண்டாடும் நண்பர்கள் இதை ஏற்பதில்லை.

2001இல் பிபிசியின் நாட்டார் இசை விருதுகளில் வாழ்நாள் சாதனைக்கான விருதும், 2007இல் எடின்பரோ நேப்பியர் பல்கலைக்கழகத்தின் மதிப்புறு முனைவர் பட்டமும் வந்தன. 2011 ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில், நுரையீரல் புற்றுநோயோடு, பழைய பென்டாங்கிள் தோழர்களுடன் ராயல் ஃபெஸ்டிவல் ஹால் மேடையேறினார். அதுவே கடைசி நிகழ்ச்சி. அவ்வாண்டு அக்டோபர் 5 அன்று லண்டனில் காலமானபோது அவருக்கு வயது 67. ஆன் பிரிக்ஸோ 1970களின் தொடக்கத்திலேயே, தம் குரல் தமக்கே பிடிக்காமல், பாடுவதிலிருந்து விலகிவிட்டார். ஐம்பது ஆண்டுகளாக மற்றவர்கள் விவாதித்துவரும் ஒரு பாட்டைக் கொண்டுவந்து கொடுத்தவர், அந்த விவாதத்துக்குள் ஒருபோதும் நுழையவில்லை.

ஜான்ஷைப் புதிதாகக் கேட்க விரும்புகிறவர்களுக்கு, ‘பிளாக்வாட்டர்சைட்’ பாடலையும் லெட் ஜெப்லினையும் அடுத்தடுத்து ஒலிக்கவிடும் அந்தப் பழக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். அப்படிக் கேட்கிற காது துப்பறியும் காதாகிவிடும், பிறகு அது எங்கும் தடயங்களையே தேடும். மாறாக, முதலில் ஆன் பிரிக்ஸ் 1971இல் பதிவுசெய்த அதே பாட்டைக் கேட்கலாம். பிறகு ‘ரோஸ்மேரி லேன்’. அதன் பிறகு, கிட்டார் வாசிக்கத் தெரிந்தவர்கள்கூடத் தங்கள் கிட்டாரை எடுக்காமல், ‘12 பார்’ அரங்கில் பதிவான நேரடி நிகழ்ச்சியை முழுமையாகக் கேட்கலாம். ஜிம்மி பேஜுக்கு அவசரம் இல்லை. அவர் எங்கும் போய்விட மாட்டார்.